வலிக்காத விரல்

விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டைகள் சுடும் சிறிய பீங்கான் பட்டறை ஒன்றில் நான் சூப்பர்வைசர். பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் நான்தான். செல்போனில் படித்ததை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் முழங்குவேன்.

"சுட்டுக்கிட்டா உடனே குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டணும். பேஸ்ட்டு, இங்க்கு எதையும் தடவக் கூடாது. வலி எவ்வளவோ அவ்வளவு ஆபத்து."

கடைசி வாக்கியம் என் சொந்தச் சரக்கு.

போன கோடையில் வேப்பூர் வியாபாரி ஒருவர் சரக்கு பார்க்க வந்தார். சூளையிலிருந்து அப்போதுதான் தள்ளிய டிராலியில் கைவைத்து, "பாருங்க, எப்படி வெந்திருக்குது!" என்று ஒரு கட்டையை எடுத்தேன். பீங்கான் ஆறினாலும் ஆறாவிட்டாலும் ஒரே வெள்ளைதான். கையுறை என் பேன்ட் பையில் பத்திரமாக இருந்தது.

அலறிக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன். அங்கே யாரோ வைத்திருந்த பேஸ்ட்டைப் பாதிக்கு மேல் பிதுக்கி அப்பிக்கொண்டேன். என் வகுப்பில் எப்போதும் கொட்டாவி விடும் பாலிஷ் பிரிவு அம்மாள் பின்னாலேயே வந்துவிட்டார்.

"இன்னா சார் பண்றீங்க? நீங்கதான தடவக் கூடாதுன்னீங்க!"

"அது பொதுவா சொன்னதும்மா..."

மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடியில் நீட்டினார். மோதிரத்தைக் கழற்ற வைத்தார். இரண்டு நிமிடத்தில் "போதும்" என்றேன்.

"இருபதுன்னு சொன்னீங்க. நில்லுங்க சார்."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவர் பிடியை விடவில்லை. வியாபாரி இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் கொப்புளங்கள், உயிர் போகிற எரிச்சல். கட்டைவிரல் நுனி மட்டும் வெளுத்து, சும்மா கிடந்தது.

"இது லேசு டாக்டர், வலியே இல்ல" என்றேன், பெருமையாக.

அவர் அங்கே ஊசி முனையை வைத்தார். "குத்துறது தெரியுதா?"

"இல்லைங்க."

"அதான் மோசம். கொப்புளம் இருக்கிற எடத்துல நரம்பு உசுரோட இருக்குது, வலிக்குது. இங்க ஆழமா வெந்து நரம்பே போயிருக்குது."

இத்தனை வகுப்புகளில் நான் கற்பித்தது தலைகீழ்.

அடுத்த வகுப்பில் கட்டுப்போட்ட கையோடு நின்று, வலிக்காத புண்தான் ஆழமானதாக இருக்கலாம் என்று சொல்லித் தவறை ஒப்புக்கொண்டேன். அந்த அம்மாள் எழுந்தார்.

"இது டாக்டரு சொன்னதா, நீங்களா சொல்றதா சார்?"

டாக்டர் சொன்னதுதான் என்றேன். உட்கார்ந்தார்.

கொப்புளங்களை உடைக்காமல் விட்டதால் உள்ளங்கை இரண்டு வாரத்தில் ஆறியது. விரல் நுனிக்கு இரண்டு மாதமானது. இப்போதும் அங்கே சூடு உறைப்பதில்லை. டீ கிளாஸை இடது கையால்தான் எடுக்கிறேன்.