கதவை அளந்த நாடா

வயிறு அளக்கும் நாடாவால் கதவை அளந்த ஒரு டொக்டரிடம் நான் வேலை செய்தேன். ஓரம் மஞ்சளித்துப்போன அந்தத் துணி நாடா எப்போதும் அவருடைய வெள்ளை மேலங்கிப் பையில் சுருண்டு கிடக்கும். கர்ப்பிணிப் பெண்களைக் கட்டிலில் படுக்கவைத்து, பிள்ளை வளர்கிறதா என்று பார்க்க வயிற்றின்மேல் அதை ஓடவிடுவார். பக்கத்திலேயே விலையுயர்ந்த ஸ்கேன் மெஷின் நிற்கும். "மெஷினுக்குக் கண் இருக்கு, கை இல்லை" என்பார். அன்று காலை, முதல் நோயாளி வருவதற்கு முன்னால், நாடாவின் ஒரு நுனியை என் கையில் தந்து, "நீர் அந்த நிலையோடை சேர்த்துப் பிடியும்" என்றார். பிடித்தேன். மறுநுனியை மற்றப் பக்கத்து நிலைவரைக்கும் இழுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணைப் பார்த்தார். "காணாது" என்றார். மாநில அமைச்சு கேட்கும் அகலத்துக்கு எங்கள் கதவு போதவில்லை. கதவைத் திட்டுவதா அமைச்சைத் திட்டுவதா என்று யோசிப்பவர்போலச் சற்று நின்றார். பிறகு அமைச்சைத்தான் திட்டினார். இத்தனை வருடம் ஜெர்மன் பேசியவர், திட்டுவதற்கு மட்டும் யாழ்ப்பாணத் தமிழை விட்டு வெளியே வந்ததே இல்லை.

எங்கள் பிராக்ஸிஸ், அதாவது டொக்டர் நோயாளிகளைப் பார்க்கும் இடம், ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்துப் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கீழே பேக்கரி. லிஃப்ட் கிடையாது. கதவு ஒடுக்கம், இரண்டு பேர் ஒன்றாக நுழைய முடியாது. நான் முன்மேசையில் இருந்து டெர்மின், அதாவது டொக்டரைப் பார்க்க நாளும் நேரமும் கொடுப்பேன், இரத்தம் எடுப்பேன், அழுகிறவர்களுக்குத் துடைப்புத்தாள் கொடுப்பேன். பிள்ளை பெறப்போகிறவர்களும் அங்கே வருவார்கள், பிள்ளை இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் வருவார்கள். இரு சாராருக்கும் ஒரே நாற்காலிகள்தான், ஒரே தண்ணீர்ப் போத்தல்தான். கருவைக் கலைக்க வருகிறவள் அதற்கு முன்பே ஆலோசனை நிலையத்துக்குப் போய், அங்கே தந்த தாளை வாங்கி, சட்டம் சொன்ன நாட்கள் காத்திருந்து, அதன்பிறகுதான் எங்கள் படியேறி வருவாள். மூச்சு வாங்க நிற்கும் அவளை டொக்டர் முதலில் இருக்கச் சொல்லுவார். ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார். அதைக் கேட்க ஏற்கெனவே போதிய ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவருடைய கட்சி.

அமைச்சு அந்த வருடம் ஒரு புதிய ஒழுங்குவிதிக்கு வரைவு எழுதியிருந்தது. கருக்கலைப்புச் செய்யும் இடங்களுக்கு மருத்துவமனைக் கட்டில் போகக்கூடிய அகலத்தில் கதவு வேண்டும், கட்டில் ஏறும் லிஃப்ட் வேண்டும், தனியாக ஒரு படுக்கை அறை வேண்டும். எல்லாம் பெண்களின் பாதுகாப்புக்காம். "பல்லுப் பிடுங்கிறவரிட்டை இந்தக் கதவு கேக்கினமோ? மயக்க ஊசி அவரும்தானே போடுறார்" என்று டொக்டர் கத்தினார். பேக்கரிக்காரர்கள் மேலே அண்ணாந்து பார்த்திருப்பார்கள். விதி அப்படியே வந்தால் நாங்கள் அந்த வேலையை நிறுத்தவேண்டியதுதான். சுற்றுவட்டாரத்தில் அதைச் செய்ய வேறு யாரும் இல்லை. கார் இல்லாதவளும், வீட்டில் சொல்லாமல் வருகிறவளும், அரை நாள் மட்டும் லீவு கிடைக்கிறவளும் தூரத்து நகரங்களுக்கு ரயில் மாறி மாறிப் போகவேண்டும். எனக்கு அது பத்திரிகைச் செய்தி இல்லை. இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, கணவரின் வேலை போயிருந்த ஒரு குளிர்காலத்தில், நானும் அந்தப் படி ஏறியவள்தான். முன்மேசைக்கு வேலைக்கு வந்தது அதற்குப் பிறகு.

விதி முடிவாவதற்கு முன் பொதுமக்கள் கருத்துச் சொல்ல அமைச்சு சில வாரம் அவகாசம் கொடுத்து, இணையத்தில் ஒரு பக்கம் திறந்திருந்தது. விரும்பினால் புனைபெயரில் எழுதலாம். டொக்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். எழுத்துவேலை அவருக்கு வெல்லம். மருத்துவம் படிக்கப் போவதற்கு முன், அகதி முகாமில் இருந்த காலத்தில், எல்லோருடைய அன்ட்ராக்கையும், அதாவது அகதி விண்ணப்பத்தையும் எழுதிக்கொடுத்தவர் அவர்தான். ஒருவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டால், அவர் கொடுத்த விண்ணப்பத்தின் வாசகத்தை அப்படியே பிரதி எடுத்து, பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி அடுத்தவர் கொடுப்பார். எங்கள் ஆட்களுக்கு அந்த நாட்களில் படிந்த பழக்கம் அது. வென்ற கடிதத்தில் கை வைக்கக்கூடாது.

ஆகவே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, வழக்கறிஞரே தோற்றுப்போகும் ஜெர்மனில் ஒரு கருத்துரை எழுதினார். அதை ஊரிலுள்ள எங்கள் தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "எல்லாரும் இதை அப்பிடியே போடுங்கோ, ஒரு காற்புள்ளியும் மாத்தக்கூடாது" என்று கட்டளையிட்டார். போட்டார்கள். போட்டவர்கள் எல்லோரும் தம்ஸ்அப் அனுப்ப, என் தொலைபேசி நாள் முழுக்க மேசையில் அதிர்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை டொக்டர் பெருமையோடு அந்தப் பக்கத்தைத் திறந்தார். எங்கள் கருத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கீழே ஒரு குறிப்பு: ஒரே வாசகத்தில் வந்தவை சேர்த்து ஒரே கருத்தாக எடுத்துக்கொள்ளப்படும். டொக்டர் அதை இரண்டாம் தடவையும் வாசித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. முதலில் முறைத்தார். பிறகு அவரும் சிரித்தார். "முகாம் புத்தி போகேல்லைப் பாரும்" என்றார்.

அன்று மாலையே குழுவில் குரல்பதிவு போட்டார். "பிள்ளையள், நான் எழுதினதை மறந்திடுங்கோ. உங்கடை கதையை உங்கடை சொல்லிலை எழுதுங்கோ. மற்ற ஆக்களின்ரை கதை வேண்டாம். பிழை வந்தாலும் பறவாயில்லை." உடனே ஒருத்தி, "எழுதிப்போட்டு உங்களுக்கு அனுப்பட்டோ டொக்டர், திருத்தித் தாறியளோ?" என்று கேட்டாள். டொக்டருக்கு அது பெரிய சோதனை. பேக்கரியின் விலைப்பலகையில் பிழை கண்டால்கூட உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருகிறவர் அவர். சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்ததையும், எடுத்த வேகத்திலேயே மேசை லாச்சிக்குள் போட்டு மூடியதையும் நான் பார்த்தேன். "ஏலாது பிள்ளை. நான் தொட்டா அது திரும்ப என்ரை கடிதமாப் போயிடும்" என்றார்.

பிறகு வந்தவைதான் கருத்துகள். நாங்கள் இருவரும் மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, சாப்பிட மறந்து வாசிப்போம். எங்கள் பெண்கள் சொல்லிவைத்ததுபோல் பூக்களின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டிருந்தார்கள். மல்லிகை, அல்லி, செவ்வந்தி என்று அமைச்சின் பக்கம் பூக்கடையாகிவிட்டது. மல்லிகை, டொக்டர் லீவில் நின்ற சமயத்தில் தூரத்து மருத்துவமனைக்குப் போன நாளில், சின்ன மகனைப் பாடசாலையிலிருந்து கூட்டிவர ஆளில்லாமல் பட்ட பாட்டை எழுதியிருந்தாள். இன்னொருத்தி, தன் வயிற்றில் வளர்ந்த பிள்ளைகளையும் வளராத ஒன்றையும் பார்த்தது ஒரே டொக்டர்தான், எல்லா முறையும் அதே கைதான் என்று எழுதியிருந்தாள். டொக்டர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். நான் என் கருத்தை என் முழுப் பெயரில் போட்டேன். "பேரை மறைக்கலாம்" என்றார் டொக்டர். "ஏன் டொக்டர், நான் என்ன களவு செய்தனானே?" என்று கேட்டேன். அவர் என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பூப்பெயர்கள் ஒருவரையும் மறைக்கவில்லை. சிறிய ஊர், சின்னச் சனம். மகனைக் கூட்டிவர ஆளில்லாமல் தவித்தவள் யார் என்று எங்கள் பெண்களுக்குத் தெரியாதா? நான் பயந்தேன். கோயில் மண்டபத்து வாய்களுக்கு மெல்ல அவல் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு வாய் மெல்லத்தான் செய்தது. அன்னதான வரிசையில் ஒரு அண்ணை டொக்டரை நிறுத்தி, "நீங்கள் நல்ல டொக்டர். இந்த வேலை உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டார். டொக்டர் தட்டைப் பிடித்தபடியே, "உங்களுக்கு விருப்பமில்லாட்டி நீங்கள் செய்யவேண்டாம் அண்ணை" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் சாம்பார் பரிமாறியவரின் அகப்பையும் ஆடியது. ஆனால் அன்று மண்டபத்தில் நான் கண்ட வேறொன்றுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒருத்தி, மல்லிகை என்று எல்லோரும் அறிந்திருந்தவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த வடையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

இலையுதிர்காலத்தில் இறுதி விதி வந்தது. கதவு பற்றிய வரியும் லிஃப்ட் பற்றிய வரியும் அதில் இல்லை. ஓய்வெடுக்க இடம் வேண்டும் என்றது மட்டும் இருந்தது. அது எங்களிடம் முதலிலேயே இருந்தது. எங்கள் கருத்துகளால்தான் மாறியது என்று அமைச்சு எழுதவில்லை. எழுதுவார்களா என்ன! மருத்துவர் சங்கங்களும் எழுதியிருந்தன, ஜெர்மன் பெண்களும் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். ஆனாலும் விளக்கவுரையில், பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவரவேண்டிய தாய்மார்களின் சிரமத்தையும் கருத்தில் எடுத்ததாக ஒரு வரி இருந்தது. அது மல்லிகையின் வரி. டொக்டர் அதைச் சத்தமாக வாசித்தார். பிறகு இன்னொருமுறை வாசித்தார்.

டொக்டர் இப்போது ஓய்வு பெற்று, மகள் இருக்கும் நகரத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஒரு இளம் ஜெர்மன் டொக்டர். பழைய டொக்டர் தன் நாடாவை அவருக்கென்றே விட்டுப்போனார். அவரும் அதைப் பையில் வைத்திருக்கிறார். நான் அதே முன்மேசையில், அதே கதவைப் பார்த்தபடி இருக்கிறேன். முன்பு எங்கள் பெண்கள் இந்தக் கதவால் தனியாகத்தான் வருவார்கள். பிரஷர் பார்க்க வந்தேன் என்று தொடங்கி, படிக்கட்டில் யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பழைய டொக்டர் இடையிடையே தொலைபேசியில் கூப்பிடுவார். என் சுகத்தை விசாரிப்பதற்கு முன், "கதவு எப்பிடி?" என்றுதான் கேட்பார்.

போன வாரமும் கேட்டார். அன்று காலை நடந்ததைச் சொன்னேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி டெர்மினுக்கு வந்திருந்தாள். அவளோடு துணைக்கு மல்லிகை வந்திருந்தாள். இருவரும் கையைக் கோத்துக்கொண்டே வந்ததில் வாசலில் இடிபட்டு நின்றுவிட்டார்கள். கையை விடவில்லை. பக்கவாட்டில் திரும்பி, நண்டுபோல உள்ளே வந்தார்கள்.

மறுமுனையில் டொக்டர் சிரித்தார்.

"அப்ப கதவு காணாதுதான்" என்றார்.