எழுபத்திரண்டு என்று எழுதிய நாட்கள்

1973 பிப்ரவரி 9 முதல் மார்ச் 21 வரை நாற்பத்தொரு நாட்கள். கஸ்பாரின் நோட்டில் அத்தனை நாட்களுக்கும் ஒரே எண்தான்: 72. அதற்கு முந்தைய பக்கங்களில் 96, 88, 104, 91 என்று எண்கள் ஏறி இறங்கிக் கிடக்கின்றன.

கஸ்பார் மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். நோட்டு சென்னை ஆஸ்பத்திரி கொடுத்தது. எண்கள் அவர் மனைவி லூர்தம்மாளின் நாடித்துடிப்பு. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. முப்பத்தொரு வயதில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கின. நாடி தாறுமாறாக ஓடியது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

அந்த நோய்க்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதுமா, இரண்டு வேண்டுமா என்று அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். முதல் இரண்டு மாதம் ஒன்று, அடுத்த இரண்டு மாதம் இரண்டு. முப்பத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு நோட்டும் மாத்திரை பாட்டிலும் கொடுத்தனுப்பினார்கள். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கக் கூடாது, ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும் என்றார் டாக்டரம்மா. அறுபதுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ரயில் ஏற வேண்டும். மீதி மாத்திரைகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவற்றை எண்ணி நோட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் சொன்னார். "இந்த இதயத்தோட குழந்தை வேண்டாம். ஒருவேளை உண்டாயிட்டா மறைக்காம வந்து சொல்லணும்."

தினமும் காலை பாசஞ்சர் போனதும் கஸ்பார் வீட்டுக்கு வந்து, வாசலில் லூர்தம்மாளை உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடிப்பார். மறு கையில் கடிகாரம்.

"ஏண்ணா, ரயிலுக்கு டைம் பாக்கறீங்களா, பொண்டாட்டிக்குப் பாக்கறீங்களா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குள்ளம்மாள் கேட்பாள்.

"ரெண்டும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல."

"நான் லேட்டு வண்டி இல்லீங்கக்கா. முந்தி ஓடற வண்டி" என்பாள் லூர்தம்மாள்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி இரண்டு மாத்திரை ஆரம்பமானது. எட்டாம் தேதி காலை அவள் வாந்தி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். சோற்று வாசனையே ஆகவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவளுக்கு மாதக்கணக்கு எப்போதுமே முன்பின்னாகத்தான் இருக்கும். குள்ளம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இது மாத்திரை வாந்தி இல்ல லூர்து. மசக்கை. என் வூட்டுப் புளி எல்லாம் உனக்குத்தான்."

அன்றைக்கு நாடி 58. கஸ்பார் பென்சிலை எடுத்தபோது லூர்தம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்பத்தெட்டுன்னு எழுதினா மெட்ராஸ் போவணும். போனா கண்டுபிடிச்சிருவாங்க. கலைச்சிருவாங்க. இப்பதான் சட்டமே வந்திருக்குதாம், அங்க வரிசையில நின்னவங்க பேசிக்கிட்டாங்க."

"உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"கையைப் புடிச்சுப் பாருங்க. எப்படி நடக்குதுன்னு பாருங்க."

அவர் பிடித்துப் பார்த்தார். முதல்முறையாக அந்த நாடி ஒரே சீராக, தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்குவதுபோல இடைவெளி மாறாமல் துடித்தது. இரண்டு மாதமாக அவர் விரலுக்குக் கிடைக்காத ஒழுங்கு. இரண்டு மாத்திரை குணப்படுத்திவிட்டது என்றே நினைத்தார். வயிற்றில் கருவைக் கலைப்பது பாவம் என்று வளர்ந்தவர் அவர். 72 என்று எழுதினார். எழுபதை ஒட்டி இருந்தால் நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எழுதிய எண்ணுக்கு ஏற்றபடி அவள் மாத்திரையையும் விழுங்கினாள்.

பிறகு ஒவ்வொரு நாளும் அப்படியே. ஆனால் எண்ணுவதை அவர் நிறுத்தவில்லை. 56. 55. 52. லூர்தம்மாள் மெலிந்தாள். சாம்பல் புதன் கழிந்து இரண்டு நாளில், சுவரிலிருந்த மாதா படத்தைக் காட்டி, "என்னங்க, மாதாவோட நீலச் சேலை எனக்குப் பச்சையாத் தெரியுது. விளக்கைச் சுத்தியும் ஒரே மஞ்சள்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். நல்ல அடையாளம் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 22 காலை, வாய் கொப்பளிக்கத் தண்ணீர்த் தொட்டியருகே குனிந்தவள் எழவில்லை. கஸ்பார் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிஷம் முழுக்கப் பிடித்திருந்தார்.

உடலைக் குளிப்பாட்டிய பெண்களில் குள்ளம்மாளும் இருந்தாள். வெளியே வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அண்ணா, அதுக்குத் தூரம் வந்திருந்துச்சு. துணியைப் பாத்தா ரெண்டு நாளாயிருக்கும். உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை.

மார்ச் 30 அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தேதி. கஸ்பார் தனியாகப் போனார். டாக்டரம்மா நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பிரித்தார்.

"ரெண்டு மாத்திரை இவ்வளவு நல்லா கேட்டிருக்கே! லூர்தம்மா எங்க?"

இறந்துவிட்டாள் என்றார். டாக்டரம்மா எழுந்து நின்றார். வால்வு அவ்வளவு மோசமாக இருந்தது, எதிர்பார்க்கக்கூடியதுதான் என்று ஆறுதல் சொன்னார். நோட்டு தங்களிடம் இருக்கட்டும், மற்ற நோயாளிகளுக்கு உதவும் என்றார். அப்போதே வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

கஸ்பார் கிளம்பவில்லை. "அந்த எழுபத்திரண்டு எல்லாம் பொய்யிங்க. நான் எழுதினது" என்றார்.

வாந்தியைச் சொன்னார், பச்சைச் சேலையைச் சொன்னார், நாடி சீரானதைச் சொன்னார். டாக்டரம்மா நோட்டைப் பிப்ரவரி ஒன்பதுக்குத் திருப்பினார். மருந்து உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் வாந்தி வரும், நிறம் மாறித் தெரியும் என்றார். அப்புறம், அந்தச் சீரும் அதனால்தான் என்றார்.

"அவ குணமாயிட்டான்னு நெனச்சேங்க."

"உண்மையான எண் எதாவது ஞாபகமிருக்கா?"

கடைசி ஒன்பது நாள் ஞாபகமிருந்தது. ஐம்பதில் ஆரம்பித்து நாற்பத்தொன்றில் முடித்தார். அந்த ஒன்பது 72-களின் பக்கத்திலும் டாக்டரம்மா சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். மாலை ரயிலில் கஸ்பார் ஊர் திரும்பினார்.

ஏப்ரல் இரண்டாம் வாரம், ஆய்விலிருந்த மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் தமிழில் அச்சடித்த அட்டை ஒன்று தபாலில் போனது. வாந்தி வந்தால், என்ன காரணம் என்று நீங்கள் நினைத்தாலும், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரவும் என்று அதில் இருந்தது.