நெட்டையின் 'நிறுத்தலாமே'

கண்ணாடிக் கடையில் அவனை நெட்டை என்பார்கள். அவன் கூட்டாளியைக் குட்டை என்பார்கள். பெரிய பெரிய கண்ணாடிகளை மாடிக்கு ஏற்றிப் பொருத்துவது இருவருக்கும் வேலை. குட்டை மேல்முனையைப் பிடித்துப் பின்பக்கமாகவே படியேறுவான். வழி தெரிவது கீழே தாங்கி வரும் நெட்டைக்கு மட்டும்தான். "தூக்குடா, திரும்புடா, நில்லுடா எருமை" என்று அவன் வாய் ஓயாது. பதினோரு வருடத்தில் ஒரு கண்ணாடியில்கூடக் கீறல் விழுந்ததில்லை.

அப்புறம் குட்டை, நெட்டையின் அக்காவைக் கட்டிக்கொண்டான். நெட்டைக்குக் கொள்ளைச் சந்தோஷம். மறுநாள் காலையிலேயே சிக்கல் வந்தது.

"இனிமே 'மாமா வாங்க'ன்னு சொல்லு. என் புருஷனை என் முன்னாடியே டா போட்டா நல்லாவா இருக்கு?" என்றாள் அக்கா.

நியாயம்தான். ஆனால் ஒரே டம்ளர் டீயைப் பங்கு போட்டுக் குடித்தவனை எப்படி 'மாமா' என்பது? வாயைத் திறந்தாலே சிரிப்பு வந்தது. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்றால் நாக்கு என்றைக்காவது காலை வாரிவிடும். நல்லவேளை, தப்பித்து ஓட நம் பேச்சில் ஒரு சந்து இருக்கிறது. "சாப்பிட்டாச்சா?" "கிளம்பலாமா?" நீயும் இல்லை, நீங்களும் இல்லை. நெட்டை எட்டு மாதம் அந்தச் சந்திலேயே குடியிருந்தான்.

போன வாரம் ஒரு வீட்டின் படித் திருப்பத்தில், "நிறுத்தலாமே..." என்றான் நெட்டை. களைத்துப்போய்க் கேட்கிறான், அடுத்த படியில் நின்றுகொள்ளலாம் என்று குட்டை இன்னும் ஒரு படி ஏறினான். கண்ணாடி முனை கைப்பிடிக் கம்பியில் இடித்துப் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இன்னொண்ணு உடைஞ்சா உங்க ஜோடியைப் பிரிச்சு ஆளுக்கொரு பக்கம் அனுப்பிடுவேன்" என்றார் முதலாளி. வேறொருவனோடு கண்ணாடி தூக்குவதை நெட்டையால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இன்று அதே படி, புதுக் கண்ணாடி. திருப்பத்தில் யாரோ தண்ணீர் சிந்தியிருந்தார்கள். குட்டையின் குதிகால் அதை நோக்கிப் போனது.

"டேய்! நில்லுடா எருமை!"

குட்டை ஆணி அடித்தாற்போல் நின்றான். நெட்டைக்கு வியர்த்துவிட்டது.

"வாய் தவறிடுச்சு... மன்னிக்கணும்" என்றான். அந்த மன்னிப்பிலும் நீ இல்லை, நீங்களும் இல்லை.

குட்டை கண்ணாடி வழியாக அவனையே பார்த்தான்.

"உங்கக்கா 'ஏங்க'ங்கிறா. உங்கம்மா 'மாப்பிள்ளை'ங்கிறாங்க. நீ ஒண்ணுமே சொல்றதில்ல. எட்டு மாசமா நீ என்னைக் கூப்பிடவே இல்லடா. உனக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலையோன்னு நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல."

நெட்டைக்கு அழுகை வந்தது; இரண்டு கையிலும் கண்ணாடி, துடைக்கவும் வழியில்லை.

"வீட்டுல மாமான்னு கூப்பிடுறேன்" என்றான். "இப்போ பேசாம தூக்குடா, கை வலிக்குது."