மூச்சுக்குக் காவல்

அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரம் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பகலில் அப்பா தூங்குவதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்போது மூன்றாம் வகுப்பு.

பெங்களூருக்குப் போகும் வழியில், எல்லையோரத்து மூக்கண்டப்பள்ளியில் லைன் வீடு. ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வரிசையாக ஐந்து வீடுகள். நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. ஒரு வீட்டில் இருமினால் எல்லா வீட்டிலும் கேட்கும். அப்பாவின் குறட்டை தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டு அத்தை தெலுங்குக்காரி. குழாயடியில் அம்மாவைப் பிடித்துக் கேட்பாள்.

"ஏமம்மா, உங்க வூட்டு மெஷினுக்கு ஞாயித்துக்கெழமைகூட லீவு கெடையாதா?"

அம்மா சிரிக்க மாட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

சத்தம் எங்களுக்குப் பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம்.

அப்பா வாயைத் திறந்தபடி மல்லாந்து படுப்பார். குறட்டை ஏறிக்கொண்டே போகும். ஒரு இடத்தில் சட்டென்று அறுந்துவிடும். அதன் பிறகு நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். காற்று போகாது. முகம் கறுக்கும். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீரில் அமுங்கின ஆள் மேலே வருகிற மாதிரி ஒரு திணறல். உடனே மறுபடியும் குறட்டை. இவ்வளவும் நடந்தது அவருக்குத் தெரியாது.

அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். சத்தம் நின்றதும் நீயும் மூச்சைப் பிடி. உன்னால் முடியாமல் போகும்போது அப்பாவின் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டு. அவள் சித்தாள் வேலைக்குப் போய்விடுவாள். அந்தக் காலத்தில் எங்களைச் சுற்றிப் புதிது புதிதாகக் கம்பெனி எழும்பிக்கொண்டிருந்தது. கட்டட வேலைக்குப் பஞ்சம் இல்லை. நான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அப்பா கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டினார். தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்து, பிறகு பெடலை மிதிக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னால் மிதித்தால் விரல் இருக்காது. கடைசி வீட்டுப் பெரியப்பாவுக்கு அப்படித்தான் இரண்டு விரல் போனது. அப்பா பகல் முழுக்கத் தூங்கிவிட்டுப் போய், பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டே தூங்குவார். சூப்பர்வைசர் ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"பகல்ல இன்னாய்யா பண்ற, சீட்டாடறியா? இன்னொரு வாட்டி பாத்தேன், கேட்டுக்கு வெளிய நிப்ப."

 அப்பா பகலில் தூங்குவதற்குத் தெருவே சாட்சி. ஆனாலும் தூக்கம் தீரவில்லை. ஏன் தீரவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. உடம்பு சூடு என்றார்கள். வெண்ணெய் தின்னச் சொன்னார்கள். தின்றார். சதை போட்டது. குறட்டை கூடியது.

அப்பாவுக்கு விரலைப் பற்றிப் பயம். அம்மாவுக்கு மூச்சைப் பற்றிப் பயம். எனக்கு, நான் அசந்த நேரத்தில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

சித்தப்பா பாகலூரில் இருந்தார். சந்தைக்குக் காய் கொண்டுவரும் நாளில் எங்கள் வீட்டுக்கு வருவார். எதற்கும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும். அவர் யோசனையில் எங்கள் ஸ்டவ் ஒரு தடவை வெடித்திருக்கிறது. அன்றைக்கு அம்மா வேலைக்குப் போன பிறகு வந்தார். அப்பா ஷிப்ட் முடித்து, சாப்பிட்டு, படுக்கப் போகிற நேரம்.

"வாயத் தொறந்துட்டுப் படுத்தா கொறட்டை வராம பாட்டா வரும்? வாயக் கட்டிட்டா மூச்சு மூக்கு வழியாத்தான போவணும், இன்னாண்ணா?"

அப்பாவுக்குத் தூக்கம் கண்ணை இழுத்தது. "கட்டு, பாக்கலாம்" என்றார்.

சித்தப்பா தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு காதையும் ஒட்டி மேலே கொண்டுபோய், உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். தள்ளி நின்று பார்த்தார். திருப்தியாக இருந்தது. "பாத்துக்க பாப்பா" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்.

அப்பா தூங்கினார். குறட்டை கொஞ்சம் சின்னதாகி மூக்குக்குள் போனது. ஆனால் நடுவில் அறுந்து போவது அறுந்துகொண்டுதான் இருந்தது. ஒரு விரலை மட்டும் ஆட்டினால் சில நேரம் அவருக்கு உறைக்காது. அதனால் அன்றைக்கு இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குச் சிமெண்ட் லாரி வரவில்லை. மத்தியானமே வேலை நின்றுபோய் அம்மா திரும்பிவிட்டாள். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே இருட்டு. கதவைத் தள்ளியவள் பார்த்தது இதைத்தான். மல்லாந்து கிடக்கிற புருஷன். தாடையில் வெள்ளைத் துண்டுக் கட்டு. காலடியில் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்தபடி மகள். அவள் வந்து நின்ற நேரத்தில் சத்தமும் அறுந்திருந்தது.

எங்கள் பக்கம் ஆள் செத்தால் முதல் வேலையாக, வாய் பிளந்துகொள்ளாமல் தாடையைக் கட்டுவார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு அப்படி யாரும் கட்டமாட்டார்கள். நான் அதுவரை சாவு வீடு பார்த்ததில்லை. எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியும். ஆனால் யோசனை வந்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் ஞாபகம் வராது.

அம்மா கையிலிருந்த தூக்குப்போசி விழுந்து உருண்டது. மாரில் அடித்துக்கொண்டாள்.

"என்னிய வுட்டுட்டுப் போயிட்டியே ராசா!"

அப்பாவை அம்மா வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். நீ என்று கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஐந்து வீட்டு ஆட்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தெலுங்கு அத்தை "தேவுடா" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசி வீட்டுப் பெரியப்பா மூன்று விரல் கையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் விரலை விடவில்லை. யாரும் விடச் சொல்லவில்லை.

அந்தச் சத்தத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறக்க முடியவில்லை. "ம்ம்? ம்ம்ம்?" என்றார். தெலுங்கு அத்தை அம்மாவை விட்டுவிட்டு ஓடினாள். சாக்கடை ஓரத்தில் வழுக்கி உட்கார்ந்தாள். அப்பா துண்டைப் பிடுங்கி எடுத்துவிட்டு எல்லாரையும் பார்த்தார்.

"ஏம்மே, யாரு செத்தது?"

பிறகு எத்தனையோ வருஷம் லைனில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அம்மா துண்டை எடுத்து அடுப்பில் வைத்தாள். அது முழுக்க எரிகிறவரைக்கும் முன்னால் நின்றாள். சாயங்காலம் சித்தப்பா துண்டுக்கு வந்தார்.

"அண்ணி, துண்டு?"

"எரிச்சிட்டேன்."

"புதுத் துண்டு அண்ணி அது."

அம்மா அவரைப் பார்த்தாள். அவர் கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

"நாளைக்குப் பெங்களூர் போறோம்" என்றாள் அம்மா.

"ஷிப்டு இருக்குது."

"இருக்கட்டும்."

பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டையில் சதையை வெட்டவேண்டி வரலாம் என்றார். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அதற்கு முன்னால் வேறொன்று செய்து பார்க்கலாம் என்று அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்.

அங்கே பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேச்சு பழக்குகிறார்கள். சுவரில் கிளிப் படம். சின்னச் சின்ன நாற்காலி. அப்பா அதில் ஒன்றில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்தார். பக்கத்தில் என் வயசுப் பையன் ஒருவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய ஆளுக்கும் பேச்சு வராதா என்று நினைத்திருப்பான்.

பயிற்சி கொடுக்கிற டீச்சர் கன்னடத்தில்தான் பேசினாள். எங்கள் பக்கத்தில் கன்னடம் புரியாதவர் யாரும் இல்லை. கையைப் போல நாக்கும் சதைதான், வேலை செய்யாத சதை தளர்ந்து போகும் என்றாள். தூங்கும்போது தளர்ந்த நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. உடம்பு பயந்துபோய் உள்ளுக்குள் விழிக்கிறது. ஒரு தூக்கத்துக்குள் இப்படி எத்தனையோ தடவை. அதனால் இவர் எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தாலும் தூங்கினதாகக் கணக்கில்லை. நாக்கையும் தாடையையும் பழக்கிப் பலப்படுத்தினால் வழி திறந்திருக்கும். எல்லாருக்கும் இதிலேயே சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. சரியாகாவிட்டால் டாக்டர் சொன்னதுதான்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இவரு செத்துப் போயிடுவாரா?"

டீச்சர் இல்லை என்று சொல்லவில்லை. "நோடோணம்மா" என்றாள். பார்க்கலாம் அம்மா.

நாக்கு முழுவதையும் மேலண்ணத்தில் ஒட்டவைத்துப் பிடிக்க வேண்டும். பிறகு டொக்கென்று விடுவிக்க வேண்டும். நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து, அண்ணத்தைத் தடவியபடியே உள்ளே இழுக்க வேண்டும். நாக்கை நீட்டி ஸ்பூனைத் தள்ள வேண்டும். கன்னத்துக்குள் விரலை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ள, கன்னம் அந்த விரலை உள்பக்கமாக அழுத்த வேண்டும். சோற்றை இரண்டு பக்கமும் மென்று, வாயை மூடி விழுங்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வேண்டும். வெண்ணெய் கூடாது. சம்பள நாளில் குடிப்பதும் கூடாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் செய்வார். டொக், டொக் என்று சத்தம் வரும். மாட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் போடுகிற சத்தம். லைன் பிள்ளைகள் வாசலில் கூடி "வண்டி வருது, ஒதுங்கு" என்று கத்தும். தெலுங்கு அத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எந்த ஊருக்கு வண்டி? என்னையும் ஏத்திக்கோங்க" என்பாள்.

"ஊர்ல மாட்டுக்கு நாக்கப் புடிச்சு மருந்து ஊத்துனவன் நானு. இப்ப என்னிய நாக்க நீட்டச் சொல்றாங்க" என்றார் அப்பா. கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்.

 மறுநாள் அம்மா அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். நாக்கை நீட்டினாள். ஸ்பூனை வைத்துத் தள்ளினாள். டொக்கென்றாள். சிரிப்பில்லை, ஒன்றுமில்லை. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் நீட்டினார். நானும் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு தினமும் மூன்று பேர் நாக்கை நீட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அம்மா ஒரு நாளும் விடவில்லை. வேலைக்குப் போய்க் கை வீங்கி வந்த அன்றைக்கும் விடவில்லை.

மாசங்கள் போயின. அப்பா வேலையிலிருந்து வந்தால் பேச ஆரம்பித்திருந்தார். பிரஸ் முன்னால் தூக்கம் வருவதில்லை என்று ஒரு நாள் சொன்னார். குறட்டை சின்னதாகியிருந்தது. ஆனாலும் நைட் ஷிப்ட் வாரத்தில் நான் காலடியில் உட்காருவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஒரு நாள் மழை. கட்டட வேலை இல்லை. அம்மா வீட்டிலேயே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். சத்தம் நின்றது. நான் மூச்சைப் பிடித்தேன். என்னால் முடியவில்லை. விரலை ஆட்டப் போனேன். முகத்தைப் பார்த்தால் கறுக்கவில்லை. வாய் மூடியிருந்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். காற்று வந்தது. போனது. மறுபடி வந்தது.

"அம்மா, சத்தம் இல்ல. ஆனா மூச்சு இருக்குது."

அம்மா முறத்தை வைத்துவிட்டு வந்தாள். அவளும் விரலை வைத்துப் பார்த்தாள். எடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

மழை விட்டது. மத்தியானம் ஆனது. அடுப்பு பற்றவைக்கவில்லை. அரிசி முறத்திலேயே கிடந்தது. எனக்குப் பசி. அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். எழவில்லை. மறுபடி உலுக்கினேன். கையை மட்டும் தட்டிவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்பா எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். "அம்மா சோறே ஆக்கல. தூங்கிக்கினே இருக்குது."

அம்மாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுப்பாத" என்றார்.

அவரே அடுப்பைப் பற்றவைத்தார். அரிசியைக் களைந்து போட்டார். சோறு குழைந்துவிட்டது. அதில் கல்லும் இருந்தது. நானும் அவரும் கல்லைப் பொறுக்கிப் போட்டபடி தின்றோம். அம்மா சாயங்காலம் வரைக்கும் எழவில்லை.

அப்பா ரிட்டயர் ஆகி வரும்போது பத்து விரலும் இருந்தன. அது வேறு கதை.

அன்றைக்கு எனக்கு அம்மா மேல் இருந்த கோபம் தூங்கப் போகிறவரைக்கும் தீரவில்லை. என் காவல் பகலுக்கு மட்டும்தான், அதுவும் நைட் ஷிப்ட் வாரத்தில் மட்டும்தான். மற்ற வாரங்களில் ராத்திரியெல்லாம் அப்பாவின் காலடியில் யார் உட்கார்ந்திருந்தது என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.