வெட்டாமல் விட்ட கம்பி

தம்போய் என்ற ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள், விரல் முட்டிகள் மட்டும் பெருத்திருக்கும். தொட்டியில் முழ உயரத்துக்கு ஒரு போன்சாய் புளியமரம் வளர்த்தார். தினமும் காலையில் அதன் முன் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஒரு கிளையை ஒன்பது வருடமாக மாற்றி மாற்றிக் கம்பி சுற்றிக் கீழே வளைத்திருந்தார்.

இருதய ஆப்பரேஷனுக்குப் போகும்போது, "தம்பி, மழைக்காலம், கிளை சீக்கிரம் பருத்திடும், கம்பி உள்ள புதைஞ்சா கிளையே போயிடும். மூணு வாரத்துல கம்பிய வெட்டி எடுத்துடுங்க" என்றார். தலையாட்டினேன்.

வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். கேட்டில் நின்று கூப்பிடக் கூச்சமாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

திரும்பி வந்தவர், கம்பி பட்டைக்குள் புதைந்து கிடந்ததைத் தடவிப் பார்த்தார்.

"கேட்டு தொறந்துதானே இருந்துச்சு?"

"அக்கா தனியா இருந்தாங்க... கூச்சமா இருந்துச்சு, அண்ணே."

"அட, அலமாக்! மரத்துகிட்ட போறதுக்கு என்ன கூச்சம்லா?"

அவர் சிரிக்கவில்லை. ரம்பத்தை எடுத்து, அந்தக் கிளையை என் முன்னாலேயே அறுத்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மரத்தை எதிர்வீட்டுச் சீனரிடம் கொண்டுபோய் வைத்தார். என்னிடமும் சொல்லிக்கொண்டுதான் போனார். மரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.