சித்தியின் இடது காதும் என் தானமும்

பட்டிமன்றத்தில் எதிரணியை மடக்கிவிட்டு அமரும்போது எழும் கைதட்டல் எனக்குப் புதிதன்று. ஆனால் என் முதற்பேச்சுக்கு ஒருவரும் கைதட்டவில்லை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியிருந்த சமயம். எனக்கு வயது ஒன்பது. பேச்சின் நீளம் இரண்டே வாக்கியம்.

திண்டிவனத்தில் எங்கள் தெருவினர் பௌத்தம் தழுவியவர்கள். பௌர்ணமிதோறும் மாலையில் சங்கத்துக் கொட்டகையில் கூடுவோம். வெறுங்கையோடு வரலாகாது என்பது வழக்கம். ஒருவர் படி கேப்பை கொண்டுவருவார், ஒருவர் முறம் நிறைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஏதுமில்லாத கூலிக்காரர் எழுந்து நின்று, தாம் வாழ்ந்து கண்ட உண்மை ஒன்றைச் சொல்லலாம், அதுவும் தானமே. தானங்களிலெல்லாம் உயர்ந்தது உண்மையைத் தருவதே என்பது புத்தர் வாக்கு என்று, சங்கத் தலைவரான என் அப்பா மாதந்தோறும் முழங்குவார். உயர்ந்தது எதுவோ அதை நானே கொடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த வயதிலேயே இருந்தது.

அந்த வைகாசிப் பௌர்ணமியன்று, என் சித்தியைப் பெண் பார்க்க விழுப்புரத்து ரயில் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர் தம் அக்காவுடன் வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் தாம்பூலம் மாற்றுவதாகப் பேச்சு. சித்திக்கு இடது காது கேளாது. அதைச் சொல்லியே முன்பு இரண்டு இடங்கள் கைநழுவிப் போயிருந்தன. இம்முறை யாரும் வாய் திறக்கலாகாது என்று உத்தரவிட்டவரும் அதே அப்பாதான்.

தானங்கள் வைத்து முடிந்தன. வேறு யாரேனும் உண்டா என்று அப்பா கேட்டார். பெண்கள் வரிசையில் சித்தி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி எழுந்தாள். தண்ணீர் குடிக்கத்தான் எழுகிறாள் என்றெண்ணி, நான் எழுந்து பேசிவிட்டேன்.

"தலைவர் அவர்களே, எங்க சித்திக்கு எடது காது கேக்காது. இதான் என்னோட தானம்."

அம்மா என் பாவாடையைப் பற்றி இழுத்து உட்காரவைத்தாள். அப்பாவின் பார்வை கேப்பைக் குவியலை விட்டு எழவில்லை. ஃபிட்டரின் அக்கா, ஜல்தியாகக் கிளம்பினால் ஆறு மணி வண்டியைப் பிடித்துவிடலாம் என்று தம்பியிடம் சொன்னாள்.

சித்தி மட்டும் உட்காரவில்லை.

"கொழந்த சொன்னது நெசந்தாங்க. அத சொல்லத்தான் நானும் எழுந்தேன். இவ முந்திக்கினா."

ஃபிட்டர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஷெட்ல நாள் பூரா சம்மட்டி சத்தத்துல நின்னுக்கினு எனக்கே ரெண்டு காதும் பாதிதான் கேக்குது. அத நீ இவங்ககிட்ட சொன்னியா அக்கா?"

அக்கா ஆறு மணி வண்டியைப் பற்றி மறுபடி பேசவில்லை. தாம்பூலம் மாறியது. விடைபெறும்போது ஃபிட்டர் சித்தியைச் சுற்றிக்கொண்டு வந்து, அவள் வலப்பக்கம் நின்று ஏதோ சொன்னார். சற்று உரக்கவே சொன்னார். அடுத்த பௌர்ணமியில் அப்பா புத்தர் வாக்கைக் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னதாக எனக்கு நினைவு.

என் தானத்தால் நடந்த கல்யாணம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். சித்தியின் மீது மட்டும் ஒரு மனத்தாங்கல்: நான் கொடுத்ததில் அவள் பங்கு கேட்கிறாளே என்று. கொடுப்பதற்கு அன்று எனக்குச் சொந்தமாக எதுவுமே இருக்கவில்லை என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.