கடைசிப் பக்கத்துச் சொற்கள்

நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனாலும் நெல்லியாளம் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் அந்தக் காலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்கு அதுவும் தெரியாது. எங்கே கேட்டாலும் கைரேகைதான். குரல் மட்டும் அடுத்த மலைக்குக் கேட்கும். அதனால் மாரியம்மன் நோம்பி நாடகத்தில் வருசம் தவறாமல் அவர்தான் ராஜா.

அந்த வருசம் எடுத்தது ரொம்பப் பழைய சோக நாடகம். ராஜா தன் பிடிவாதத்தால் மகனைச் சாகக் கொடுத்துவிட்டு, அவனை மடியில் போட்டுக்கொண்டு பேச வேண்டும். எல்லாம் கடினமான தமிழ். ஸ்கூல் வாத்தியார் வசனத்தை நோட்டில் எழுதி, கடைசிப் பக்கத்தில் கஷ்டமான சொற்களுக்கு அர்த்தமும் போட்டுக் கொடுத்திருந்தார். காலையில் ஒரு சொல்லைப் படித்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவேன். வரிசை முடிகிறவரைக்கும் அதையே வாய்க்குள் மென்றுகொண்டிருப்பேன். சாயங்காலம் அவருக்குச் சொல்வேன்.

வாத்தியார் எழுதின அர்த்தம் அவருக்கு ஏறாது. “அந்தகாரம்னா பேரிருள்” என்றால், “அதுக்கு முதல் சொல்லே தேவலாம் போ” என்பார். அதனால் என் வழியில் சொல்லிக்கொடுத்தேன். ஏழாம் நம்பர் காட்டில் பனி இறங்கி, பக்கத்து ஆளின் குரல் மட்டும் கேட்குமே, அது அந்தகாரம். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு மழையில் கொழுந்தெடுக்கும்போது மார் கனக்குமே, அது வியாகுலம். “அது எனக்கெப்படித் தெரியும்?” என்றார். ஆனால் அந்தச் சொல்லை அதற்கப்புறம் தப்பாகச் சொன்னதே இல்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் நின்றுபோனது. கையறவு. செயலற்று நிற்கும் துன்பம் என்று எழுதியிருந்தது.

“அது எப்படிப் புள்ளே இருக்கும்? அழுகறதா, கத்தறதா?”

“எனக்கும் தெரியலீங்க. தெரிஞ்சா சொல்றேன்.”

“உனக்குத் தெரியறதுக்குள்ள நோம்பி முடிஞ்சிரும்.”

நோம்பிக்கு ஒரு மாசம் இருந்தது. சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறிய என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னே உயிர் போய்விட்டது. நான் அழவில்லை. அதை லயத்தில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள், ஃபாக்டரியில் கொழுந்து நசுக்கும் ரோலர் ஓட்டுகிறவர் வாசலில் வந்து நின்றார். அவர்தான் இனி ராஜா. படித்தவர். என் வீட்டுக்காரரை “ரேகை ராஜா” என்று கேலி பேசினதும் அவர்தான்.

“ஏனுங்கக்கா, நோட்டு உங்ககிட்டதானுங்களே இருக்கு?”

கொடுத்தேன். நின்ற இடத்திலேயே வாசித்தார். ஓர் எழுத்து பிசகவில்லை. ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

“படிக்க வருதுங்க. உள்ள இறங்க மாட்டேங்குது. அண்ணனுக்கு நீங்க என்னமோ சொல்லிக் குடுத்தீங்களாமே.”

பக்கத்து வீட்டம்மா அவள் வாசலிலிருந்து, “பதினாறுகூட ஆகலை. இவளுக்கு நாடகம் கேக்குது” என்றாள்.

எனக்கும் சொல்லிக்கொடுக்க மனசில்லை. என் வீட்டுக்காரர் சட்டையை இன்னொருத்தர் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டால், அவர் பாடுபட்டு ஏற்றிக்கொண்ட சொல்லெல்லாம் அவரோடேயே குழிக்குள் போகும். ரோலர்காரரை வாசற்படியில் உட்காரச் சொன்னேன். பனி, பால், எல்லாம் சொன்னேன். கடைசிச் சொல் வந்தது.

“இதுக்கு அண்ணன் என்ன பண்ணுவாருங்க? நெஞ்சுல அடிச்சுக்குவாரா?”

“அவருக்கு நான் சொல்லலை. அப்பத் தெரியாது” என்றேன். “அழுகை வராது. கை பாட்டுக்கு வேலை செய்யும். அவரைக் கொண்டாந்து கிடத்தினப்ப ஸ்வெட்டர்ல இலையும் பட்டையும் ஒட்டியிருந்தது. ஒண்ணொண்ணா எடுத்தேன். எல்லாம் தீர்ந்த பொறகும் எடுத்துட்டே இருந்தேன். அதுதான்.”

அவர் நோட்டை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

குளிருக்குப் பயந்து எங்கள் எஸ்டேட்டில் நாடகம் பகலிலேயே நடக்கும். நான் கூட்டத்துக்குள் போகாமல் கொழுந்துச் செடி ஓரமாக நின்றேன். ராஜா மகனை மடியில் போட்டுக்கொண்டார். அந்தகாரம் சரியாக வந்தது. வியாகுலமும் வந்தது. கையறவு என்றதும் குரல் நின்றது. மகன் உடுப்பிலிருந்து எதையோ எடுத்துப் போட ஆரம்பித்தார். அங்கே ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டே இருந்தார்.

“என்னடி, பேன் பாக்கறாரா?” என்றது ஒரு குரல். சிரித்தார்கள். யாரும் அழவில்லை.

கூட்டம் கலைந்தபோது பக்கத்து வீட்டம்மா என்னிடம் வந்தாள். “போன வருசம் உன் ஊட்டுக்காரரு எத்தனை பேரை அழ வெச்சாரு. இவன் கெடுத்துட்டான்.”

“கெடுக்கலை. அந்தச் சொல்லு அப்படித்தான்” என்றேன்.

தெரிஞ்சா சொல்றேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். தெரிந்தது, வேறு ஆளிடம் சொன்னேன். நடந்து வரும்போது அதை நினைத்துப் பார்த்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து, மறுநாள் ஏழாம் நம்பர் காட்டுக்குப் போகக் கூடையைத் தட்டிவைத்தேன்.